பஞ்சும் நூலும்

ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் வைத்து மனப்பாடம் செய்கிறவர்களை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். 'ஏ' எழுத்தில் தொடங்கும் சொற்கள் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். 'பி' பரவாயில்லை. 'சி' வரும்போது தடுமாற்றம். 'டி' என்று ஓர் எழுத்து இருப்பதே பலருக்கு ஞாபகம் இராது! ஜனவரி முதல் தேதி தொடங்கிய டைரியைப் போலத்தான். முதல் பத்துப் பக்கம் முத்து முத்தாக எழுத்து; அப்புறம் பால் கணக்கு.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு கண் சிவக்க உட்கார்ந்திருக்கும் பெண்கள் இன்று நம் வீடுகளில் எத்தனை பேர்! பட்டப் படிப்பு முடிந்து மேலே படிக்க வேண்டுமென்றால் நுழைவுத் தேர்வு. நிர்வாகப் படிப்புக்குக் 'கேட்', வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்புக்கு 'ஜி.ஆர்.ஈ.' என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல்காரன் நிற்கிறான். கணக்கில் கெட்டிக்காரியான பெண்கூட ஆங்கிலப் பத்தியைக் கண்டதும் கை நடுங்குகிறாள். தமிழில் படித்து வந்தவளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். "எனக்கு வார்த்தை தெரியாது" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக் கொண்டு விடுகிறாள்.

உண்மையில் அவளுக்குக் குறைவது வார்த்தைதானா? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது ஒரு பேராசிரியரிடமிருந்து அல்ல; கப்பலூரில், என் அக்காள் வீட்டு அடுக்களையிலிருந்து.

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில் இருக்கிறது கப்பலூர். லாரிகளும் சுங்கச் சாவடியும் தொழிற்பேட்டையுமாக எப்போதும் இரைச்சல். பழைய தலைமுறைக்குக் கப்பலூர் என்றால் பஞ்சாலைதான். கருமுத்து தியாகராசர் பெயர் சொல்லும் நூற்பாலை அங்கேதான் இருக்கிறது. என் அத்தானும் அந்தப் பக்கத்தில் ஓர் ஆலையில் ஷிப்டு மேஸ்திரி. காது சற்று மந்தம். இருபத்தைந்து வருஷம் இயந்திரச் சத்தத்தில் நின்றால் யாருக்கும் அப்படித்தான்.

அக்காள் மகள் 2024ல் பி.காம். முடித்தாள். மேலே நிர்வாகப் படிப்புப் படிக்க வேண்டும் என்று ஆசை. அத்தான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கெடு வைத்தார். "இந்த ஒரு தடவை எழுது. வந்தாச் சரி. வராட்டி, தொழிற்பேட்டையில கணக்கு எழுத ஆள் கேக்குறாக, அங்கிட்டுப் போயிரு. ரெண்டு வருஷம் கழிச்சு மாப்பிள்ளை பார்ப்போம்." அவர் கெட்டவர் இல்லை. வீட்டில் இன்னும் ஒரு பையன் படிக்கிறான், சம்பளம் ஒன்றுதான்.

இதைக் கேட்டு என் அக்காள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. "தினம் பஸ்ஸில் போய் வருவது நம் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது" என்று அப்பா சொல்லிவிட்டார். பத்து வருஷம் கழித்து என் முறை வந்தபோது அதே அப்பா அதே பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார். அக்காள் பட்ட ஏமாற்றந்தான் எனக்கு டிக்கெட்டு. அதனால்தான், "சித்தி, எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தரியா?" என்று பெண் கேட்டபோது மறுப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு தோறும் கப்பலூர் போவதென்று ஏற்பாடாயிற்று.

முதலில் பரீட்சை எப்படிப்பட்டது என்று பார்த்தோம். 2024ஆம் ஆண்டுக் 'கேட்' தேர்வில் மொத்தம் 68 கேள்விகள், 120 நிமிஷம். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 40 நிமிஷம். ஆங்கிலப் பகுதியில் 24 கேள்விகள். அதில் 16 கேள்விகள் நான்கு பத்திகளைப் படித்துப் பதில் சொல்ல வேண்டியவை. மீதி எட்டும் கலைந்து கிடக்கும் வாக்கியங்களை ஒழுங்குபடுத்துவது, ஒட்டாத வாக்கியத்தைப் பொறுக்கி எடுப்பது, ஒரு பத்தியின் சாரத்தைச் சொல்வது என்ற வகை. சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொடுத்திருக்கும் விடைகளில் தவறானதைத் தேர்ந்தெடுத்தால் 1 குறையும். நாமே விடையைத் தட்டெழுதும் கேள்விகளுக்கு மட்டும் அந்தத் தண்டனை இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், "இந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன?" என்று நேராகக் கேட்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை! எங்கள் பெண்ணோ ஒரு மாதமாக மூவாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் அடங்கிய தடிப் புத்தகத்தை நெட்டுருப் போட்டுக் கொண்டிருந்தாள்.

"அபேட் என்றால்?" என்றேன்.

"தணிதல், குறைதல்" என்று மணியடித்தாற்போல் பதில் வந்தது.

"எதெல்லாம் தணியும்?"

விழித்தாள். அடுக்களையிலிருந்து அக்காள் குரல் கொடுத்தாள்: "காய்ச்சல் தணியும். கோவம் தணியும். மழை தணியும். பசி தணியும். இதுக்குப் போயி ஏன்டி முழிக்கிற?"

அக்காளுக்கு 'அபேட்' தெரியாது. பெண்ணுக்குத் 'தணிதல்' தெரிந்தும் அது எங்கே உலவும் என்று தெரியவில்லை. இருவருக்கும் பாதிப் பாதி!

அன்று சாப்பாட்டின்போது அத்தானிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "பஞ்சுப் பொதியை நேரா கதிர்ல கொண்டு போய் மாட்டினா நூல் வருமா? முதல்ல ப்ளோ ரூம்ல அடிச்சுத் தூசி எடுக்கணும். அப்புறம் கார்டிங், இழையெல்லாம் சீவி ஒரு பக்கமாப் படியணும். அப்புறம் டிராயிங், ஒண்ணோட ஒண்ணு சேர்த்து நீட்டணும். கடைசியில முறுக்கு. முறுக்கு ஏறாட்டி, எத்தனை பொதி பஞ்சு இருந்தாலும் இழை நிக்காது, அந்து போகும்."

எனக்குச் சுரீரென்றது. ஏனென்றால் பவணந்தி முனிவரும் இதையேதான் சொல்லியிருக்கிறார்! சுமார் எழுநூறு, எண்ணூறு வருஷங்களுக்கு முன் எழுந்த நன்னூலின் பாயிரத்தில் இந்த உவமை வருகிறது. சொற்கள் பஞ்சு. அவற்றால் ஆகிய பனுவல் இழை. நூல் செய்யும் புலவன் நூற்கிற பெண். வாயே கை, அறிவே கதிர். நம் மொழியில் ஆடைக்கு ஆகும் நூலுக்கும் படிக்கிற நூலுக்கும் ஒரே பெயர் இருப்பது தற்செயல் இல்லை என்று அந்த இலக்கண ஆசிரியர் காட்டிவிட்டார். கப்பலூர் மேஸ்திரிக்கும் நன்னூலாருக்கும் அபிப்பிராய பேதமே இல்லை.

பட்டியலில் இருக்கும் சொல் பஞ்சு. வாக்கியத்தில் முறுக்கேறினால்தான் நூல். இதைப் பிடித்துக் கொண்டு பயிற்சியை மாற்றினோம்.

தினம் ஒரு கட்டுரை. ஆங்கில நாளிதழின் நடுப்பக்கமோ, நல்ல பத்திரிகைக் கட்டுரையோ, பழைய வினாத்தாள் பத்தியோ எதுவானாலும் சரி. படித்ததும் பத்திரிகையை மூடிவிட வேண்டும். மூடிவிட்டு, காய் நறுக்கிக் கொண்டிருக்கும் அம்மாவிடம் போய், அந்தக் கட்டுரையைத் தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"அம்மாவுக்கு என்ன தெரியும்?" என்று பெண் முதலில் முணுமுணுத்தாள். அம்மாவுக்குத் தெரியாது என்பதில்தான் இந்த வைத்தியத்தின் சக்தியே இருக்கிறது. தெரிந்தவரிடம் சொன்னால் அவர் இட்டு நிரப்பிக் கொள்வார். தெரியாதவர், "ஏன்?" என்று கேட்பார். அந்த 'ஏன்' விழுகிற இடத்தில்தான் நமக்குப் புரியவில்லை என்பது தெரியும்.

நன்னூலார் இதற்கும் கணக்குப் போட்டிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டுக் கொண்டாலும் வருவது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு கலந்து பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருமாம்! அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு மனவியல் அறிஞர்கள் 2006ல் வெளியிட்ட சோதனையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. மாணவர்களில் ஒரு சாரார் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டு, பாராமல் நினைவுபடுத்தி எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ நினைவுபடுத்தி எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். பரீட்சை ஐந்து நிமிஷத்திலா வருகிறது?

இனி அடுக்களைக்கு வாருங்கள். ஒரு நாள் பத்தி, வெளிநாட்டு மியூசியங்களில் இருக்கும் கலைப்பொருள்களை அந்தந்த நாட்டுக்குத் திருப்பித் தர வேண்டுமா என்பது பற்றி. பெண் சொல்லத் தொடங்கினாள்.

"மியூசியத்துல இருந்தாத்தான் எல்லாரும் பார்க்க முடியும், பத்திரமாவும் இருக்கும்னு எழுதியிருக்கு அம்மா."

"யாரு அப்படிச் சொல்றா? எழுதுனவரா, இல்ல அவரு சண்டை பிடிக்கிற ஆளா?"

பெண் நிறுத்தினாள். மறுபடி போய்ப் பார்த்தாள். அந்த வாதம் எதிர்க்கட்சியினுடையது! கட்டுரை ஆசிரியர் அதை முதலில் எடுத்து வைத்து, 'ஹவ்எவர்' என்று ஒரு சொல்லைப் போட்டு, அப்புறம் மறுத்திருந்தார். பெண் கட்டுரையின் தலையைப் பிடித்துக் கொண்டு வாலை விட்டுவிட்டாள். வினாத்தாளில் "இவற்றுள் ஆசிரியர் எதை ஒப்புக்கொள்ளமாட்டார்?" என்று கேட்கும்போது பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அக்காள் அதோடு விடவில்லை. "நம்ம ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவுல இருந்து திரும்பி வந்தாரே, டிவியில காட்டினாகளே, அந்த மாதிரிக் கதைதானே?" என்றாள். 2014ல் நடந்தது அது. பத்தி எழுதிய வெள்ளைக்காரருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, கப்பலூர் அடுக்களைக்குத் தெரிந்திருந்தது.

'ஆனால்' என்ற சொல்லைப் பற்றி அக்காள் சொன்ன பாடம் இன்னும் ருசி. "பொண்ணு பார்த்துட்டுப் போனவக என்ன சொல்லுவாக? 'பொண்ணு லட்சணமா இருக்கு, குடும்பம் நல்ல குடும்பம், சாப்பாடு பிரமாதம், ஆனா...' அந்த 'ஆனா'க்கு முன்னாடி வந்ததெல்லாம் மரியாதை. பின்னாடி வர்றதுதான் விஷயம்." ஆங்கிலத்தில் 'பட்', 'ஹவ்எவர்', 'யெட்' எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன. 'ஆல்தோ', 'டிஸ்பைட்' வந்தால், "இதை ஒத்துக்கிறேன், ஆனாலும் விடமாட்டேன்" என்று பொருள். அன்றிலிருந்து பெண் இந்தச் சொற்களைப் பென்சிலால் வட்டமிடத் தொடங்கினாள்.

விடைகளில் 'எப்போதும்', 'ஒருபோதும்', 'எல்லாரும்' என்று அடித்துச் சொல்வதைக் கண்டால் இரண்டு முறை யோசிக்க வேண்டும் என்பதும் இங்கேயே படிந்தது. "எங்க மாமியா எப்பவுமே இப்படித்தான்னு எவளாச்சும் சொன்னா, அதுல பாதி கோவம், பாதிதான் உண்மை." நிதானமாக எழுதுகிற ஆசிரியர் 'பெரும்பாலும்', 'சில வேளைகளில்' என்று அளந்து பேசியிருப்பார், விடை அதை மிஞ்சினால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

என் அக்காளுக்கு இத்தனை சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தேன். பிளஸ் டூவோடு படிப்பு நின்றதிலிருந்து வாராவாரம் தொடர்கதை படிக்கிறாள். கதாநாயகி, "எனக்கு ஒன்றும் வருத்தமில்லை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினால், வருத்தம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எழுத்தாளர் சொல்லாமல் விட்டதை ஒரு வாரம் முழுவதும் மனத்தில் போட்டுக் குடைவாள். பரீட்சைக்காரர்கள் இதற்கு 'இன்ஃபரன்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் குறிப்பறிதல் என்போம். அதைப் போய், பொழுதுபோக்கு என்று எத்தனை பேர் ஏளனம் செய்திருக்கிறார்கள்!

அப்படியானால் சொற்களைப் படிக்கவே வேண்டாமா? வேண்டும், படிக்கிற விதத்தில் படிக்க வேண்டும். ஜி.ஆர்.ஈ. எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2011ல் அந்தப் பரீட்சையிலிருந்து எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கோடிட்ட இடத்துக்குச் சொல் தேடும் கேள்விகள் உண்டு. 2023 செப்டம்பருக்குப் பிறகு அதன் மொழிப் பகுதியில் 27 கேள்விகள், 41 நிமிஷம்.

நம் பெரியவர்கள் சொற்களை அகர வரிசையில் கற்கவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டு படித்தார்கள். சூடாமணி நிகண்டில் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரத்தின் பெயர் என்று சொற்கள் குடும்பம் குடும்பமாக இருக்கும். ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் அதற்கும் தனித் தொகுதி. வீரமாமுனிவர் 1732ல் சதுரகராதி செய்த பிறகுதான் அகர வரிசை நமக்குப் பழக்கமாயிற்று. தெரியாத சொல்லைத் தேடுவதற்கு அகராதி உத்தமம். சொற்களைக் கற்றுக் கொள்வதற்கு நிகண்டு முறைதான் உத்தமம். அகர வரிசைப் பட்டியலில் ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்கள் அடுத்தடுத்து நின்று ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

ஆகவே எங்கள் பெண்ணின் நோட்டில் சொற்களைக் குடும்பமாகக் குடியமர்த்தினோம். 'ஸ்பெக்' என்றால் லத்தீனில் பார்ப்பது. ஆகவே இன்ஸ்பெக்டர், உள்ளே புகுந்து பார்ப்பவர். ஸ்பெக்டேட்டர், வேடிக்கை பார்ப்பவர். ரெட்ராஸ்பெக்ட், பின்னால் திரும்பிப் பார்ப்பது. சர்க்கம்ஸ்பெக்ட், சுற்றுமுற்றும் பார்த்து நடக்கிற எச்சரிக்கை. ஒரு வேரைப் பிடித்தால் நாலு கிழங்கு!

பொருள் ஒன்றாக இருந்தாலும் சொல்லின் முகம் வேறாக இருக்கும் என்பது அடுத்த பாடம். பணத்தை எண்ணிச் செலவழிப்பவள் நம் வீட்டுப் பெண்ணானால் சிக்கனக்காரி. பிடிக்காத நாத்தனாரானால் கருமி. ஆங்கிலத்திலும் அப்படியே: 'ஃப்ரூகல்' என்றால் பாராட்டு, 'ஸ்டிஞ்சி' என்றால் வசவு. ஆசிரியர் எந்தச் சொல்லைப் பொறுக்கி எடுத்தார் என்று பார்த்தால், அவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

நாளைக்கு ஐந்தே சொற்கள். அதுவும் அன்று படித்த கட்டுரையிலிருந்து, அந்த வாக்கியத்தோடு சேர்த்து. மறுநாள் ஒரு முறை, வாரக் கடைசியில் ஒரு முறை, மாதக் கடைசியில் ஒரு முறை பொருளை மூடி வைத்துக் கொண்டு சொல்லிப் பார்ப்பது. ஒரு பாடத்தை இரு முறை கேட்டால் பிழை குறையும், மூன்று முறை கேட்டால் பிறருக்கு முறையாகச் சொல்லலாம் என்பதும் நன்னூல் வழக்குத்தான். ஐந்து சொல் அற்பம் என்று நினைக்காதீர்கள். ஆறு மாதத்தில் 900 ஆகிறது. 'டி' எழுத்தையும் தாண்டிவிடலாம்!

பத்தியில் எல்லாச் சொல்லும் தெரிந்தாக வேண்டும் என்பதும் இல்லை. மொழி கற்பித்தலில் பெயர் பெற்ற நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் முதலியோர் செய்த ஆராய்ச்சியின்படி, நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்தால் துணையின்றிப் படித்துப் புரிந்து கொள்ளலாம். சுமார் 500 சொற்கள் உள்ள பத்தியில் பத்துச் சொல் தெரியாவிட்டாலும் குடி முழுகிப் போகாது என்று அர்த்தம். தெரியாத சொல்லில் காலை ஊன்றி நிற்காமல் தாண்டிப் போகப் பழக வேண்டும்.

சொல்லைக் காட்டிலும் பெரிய தடை ஒன்று உண்டு. விஷயம் தெரியாமை. 1988ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். படிப்பில் மட்டமென்று பெயரெடுத்து, ஆட்டம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், படிப்பில் கெட்டியாக இருந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்து கொண்டார்களாம். இதில் அதிசயம் என்ன? ஜல்லிக்கட்டைப் பற்றி ஒரு பத்தியைக் கொடுத்துப் பாருங்கள். வாடிவாசலும் திமிலும் தெரிந்த அவனியாபுரத்துப் பையன், ஆங்கிலம் கரைத்துக் குடித்த டில்லிப் பையனைப் பார்த்துச் சிரிப்பான்.

உ.வே.சாமிநாதையரைவிடத் தமிழ்ச் சொல் தெரிந்தவர் யார்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். ஆனால் 1880ல் கும்பகோணத்தில், சேலம் இராமசாமி முதலியார் தூண்டிச் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தபோது அது அவருக்கு எளிதில் வசப்படவில்லை. அது ஜைன காவியம். ஜைன சமயச் செய்திகள் அவருக்குப் பழக்கமில்லை. அவர் அகராதியைப் புரட்டிக் கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. கும்பகோணத்திலேயே இருந்த ஜைனர்களைத் தேடிப் போய்க் கேட்டார். பதிப்பு 1887ல் வெளிவந்தது. தமிழ்த் தாத்தாவுக்கே அடுத்த வீட்டுக்காரரின் உலகம் தெரிய வேண்டியிருந்தது என்றால் நமக்குக் கேட்க வேண்டுமா?

அதனால் எங்கள் பெண் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படித்தாள். மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15ஆம் தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரிய உபகாரம். கப்பலூரிலிருந்து பெரியார் நிலையம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போய்விடுவாள். ஒரு வாரம் தேனீக்கள், ஒரு வாரம் பொருளாதாரம், ஒரு வாரம் ஓவியம், ஒரு வாரம் கிரேக்கத் தத்துவம். ஆழம் வேண்டாம், அறிமுகம் போதும். வீட்டுக்கு வந்தவரின் பெயரும் ஊரும் தெரிந்தால் பேச்சுத் தொடங்கிவிடலாம் அல்லவா?

நான் பத்திரிகைக்காரி என்ற முறையில் ஒரே ஒரு தந்திரம் சேர்த்தேன். ஒவ்வொரு பத்திக்கும் ஐந்து சொல்லில் ஒரு தலைப்புப் போடு. தமிழிலேயே போடு. நாலு தலைப்பையும் வரிசையாகப் படித்தால் கட்டுரையின் எலும்புக்கூடு தெரியும். காரியாலயத்தில் நாங்கள் தினம் செய்கிற வேலை இதுதான். இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்!

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிமிஷத்துக்கு ஆயிரம் சொல் படிக்கச் சொல்லித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஆங்கிலம் நன்கு தெரிந்த பெரியவர்களே கட்டுரைகளை நிமிஷத்துக்குச் சராசரி 238 சொல் என்ற அளவில்தான் படிக்கிறார்கள் என்று பெல்ஜியத்து அறிஞர் பிரிஸ்பார்ட் 2019ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டார். நமக்கு 200 வந்தாலும் 500 சொல் பத்தி இரண்டரை நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒரு பத்திக்கும் அதன் நாலு கேள்விக்குமாக எட்டு நிமிஷம் ஒதுக்கினால்கூட நான்கு பத்தி 32 நிமிஷம். நேரத்தைத் தின்பது படிப்பது அல்ல. புரியாமல் மூன்று தடவை திரும்பிப் படிப்பதுதான்.

இந்தப் பயிற்சியின் பலன் என்ன? ஜூனில் எழுதிய முதல் மாதிரித் தேர்வில் எங்கள் பெண் 24ல் 22 கேள்விக்கு விடை கொடுத்தாள். 7 சரி, 15 தப்பு. கழித்தது போக 72க்கு 8 மதிப்பெண். அக்டோபரில் 17 கேள்விதான் தொட்டாள். 12 சரி, 5 தப்பு. 32 மதிப்பெண். தெரியாததை விட்டுவிடுகிற தைரியமும் புரிந்ததில் சேர்த்தி என்று அன்று தெரிந்தது.

2024 நவம்பர் 24ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தேர்வு நடந்தது. கதை போல முடிக்க வேண்டுமானால் அவள் முதலாவதாக வந்தாள் என்று எழுதலாம். அப்படி நடக்கவில்லை. ஆங்கிலம் கைகொடுத்தது, பயப்படாமல் விட்டிருந்த கணக்குக் காலை வாரிவிட்டது. ஐ.ஐ.எம். கதவு திறக்கவில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணை ஏற்றுக் கொள்கிற வேறொரு நல்ல கல்லூரி நேர்முகத்துக்கு அழைத்தது. அங்கே ஒரு பக்கக் கட்டுரையைக் கையில் கொடுத்து, "படித்துவிட்டு உன் சொந்த வார்த்தையில் சொல்" என்றார்களாம். "சித்தி, நான் ஆறு மாசமா இதைத்தானே செஞ்சேன்!" என்று போனில் கூவினாள். 2025ல் வங்கிக் கடனோடு அங்கே சேர்ந்துவிட்டாள். கையெழுத்துப் போட்ட அத்தான், "முறுக்கு ஏறிருச்சு போல" என்று மட்டும் சொன்னார்.

அவள் ஊரை விட்டுப் போன பிறகு அக்காள் என்னிடம் ஒரு விஷயம் கேட்டாள். "தொலைதூரக் கல்வியில இப்போ சேந்தா, என் வயசுக்குச் சிரிப்பாகளாடி?"

யார் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பரீட்சைக்குப் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தால், ஆங்கிலம் தெரியாதே என்று ஒதுங்கிப் போகாதீர்கள். காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மூன்றே கேள்வி போதும்: இதை யார் சொல்வது? ஏன் சொல்கிறார்? 'ஆனால்' எங்கே வருகிறது? கேட்க உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று சந்தேகமா? இந்த இதழின் தொடர்கதையை முடித்துவிட்டு, அடுத்த வாரம் அந்தப் பெண் என்ன முடிவு எடுப்பாள் என்று நீங்கள் ஊகிப்பீர்கள் அல்லவா? அந்தத் தகுதியே தாராளமாகப் போதும்.